விருந்தும் தெளிவும்: கொழிஞ்சாம்பாறை எல்லைப்புறப் பேச்சில் முதற்சந்திப்பு நம்பிக்கை

முன்னுரை

முன்பின் அறியாத இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கை தனிமனித இயல்பைப் பொறுத்ததா, பண்பாட்டைப் பொறுத்ததா என்னும் வினா சமூகவியலாராலும் உளவியலாராலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகின்றது. இவ்வாய்வுகளுக்கு உரிய தரவுகளில் பெரும்பகுதி வினாநிரல்கள் வழியே திரட்டப்பட்டதாகும். வினாநிரல்களோ ஒரு மொழியில் ஆக்கப்பட்டுப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்படுபவை. ஆகவே நம்பிக்கையை அளத்தல் என்பது சமூகவியல் சிக்கலாவதற்கு முன்பே மொழிபெயர்ப்புச் சிக்கலாக அமைந்துவிடுகின்றது.

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. அவ்வட்டாரப் பேச்சின் முதற்சந்திப்பு வழக்குகளை அடிப்படையாகக் கொண்டு, நம்பிக்கையை அளக்கும் வினாக்களையும், மொழியியலில் செல்வாக்குப் பெற்ற மரியாதைக் கோட்பாட்டையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவுகோலும் அதன் எல்லையும்

1981ஆம் ஆண்டு தொடங்கிய உலக விழுமிய ஆய்வு, பெரும்பாலான மக்களை நம்பலாமா அல்லது பிறரோடு பழகுங்கால் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமா என்னும் வினாவை நாடுதோறும் எழுப்பி வந்துள்ளது. இந்தியாவும் இவ்வாய்வில் இடம்பெற்ற நாடுகளுள் ஒன்றாகும். கிடைத்த விடைகளைக் கொண்டு சில நாடுகள் நம்பிக்கை மிக்கவை எனவும், சில குறைந்தவை எனவும் தரவரிசை செய்யப்பட்டன. ‘பெரும்பாலான மக்கள்’ என்னும் தொடரை எல்லாச் சமூகத்தாரும் ஒரே பொருளில் கொள்வதில்லை என்பதனை டெல்லே, நியூட்டன், வெல்செல் ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். சில நாடுகளில் இத்தொடர் அறிந்தவர் வட்டத்தையே சுட்டுகின்றது என்பது அவர்தம் முடிபு.

இக்குறையை ஓரளவு களையும் வகையில் 2005–2009 காலத்து ஐந்தாம் சுற்றில், ‘முதன்முறையாகச் சந்திப்பவரை எந்த அளவு நம்புவீர்கள்?’ என்னும் பொருளிலான தனி வினா சேர்க்கப்பட்டது. முற்றிலும் நம்புதல், ஓரளவு நம்புதல், அவ்வளவாக நம்பாமை, அறவே நம்பாமை என நான்கு விடைநிலைகள் வகுக்கப்பட்டன. முந்தைய வினாவினும் இது தெளிவுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வினா ஒரு முற்கோளைத் தன்னுள் கொண்டுள்ளது. சந்திப்பு என்பது ஒரு புள்ளி. அப்புள்ளியில் மனிதன் நம்பவோ நம்பாதிருக்கவோ செய்கின்றான் என்பதே அம்முற்கோள். சந்திப்பு ஒரு புள்ளியாக அமையாமல், சில வினாவிடைகளால் ஆகிய ஒரு நிகழ்வொழுங்காக அமையும் பண்பாட்டில் இவ்வினாவுக்கு எந்த இடத்தில் நின்று விடை கூறுவது? முதல் வினா எழுமுன்னரா, நான்காம் விடை கிடைத்த பின்னரா? கொழிஞ்சாம்பாறைச் சான்று இவ்விடத்திலேயே பயன்படுகின்றது.

2. விருந்தும் தெளிவும்

தமிழ் மரபு புதியவரைக் குறித்து இருவேறு கடப்பாடுகளைப் பிரித்துரைத்துள்ளது. ‘விருந்து’ என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ‘விருந்து’ புதுமைப் பொருளிலேயே இடம்பெறுகின்றது. புதுமை என்னும் பண்பு புதிதாய் வந்தவருக்கு ஆகி, பின்னர் அவருக்கு இடும் உணவுக்கும் ஆயிற்று. உறவினரைச் சுட்டும் சுற்றம் என்னும் சொல்லும் விருந்து என்னும் சொல்லும் வேறுவேறாக நின்றமை, அறியாதவரை ஏற்றல் தனி அறமாகக் கருதப்பட்டதனைக் காட்டும்.

நம்பிக்கையைச் சுட்டப் பழந்தமிழ் ஆண்ட சொற்களோ வேறு. தெளிதல், தேறுதல் என்னும் வினைகள் ஐயம் நீங்கப்பெறுதலை உணர்த்துவன. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலின்கண் ஒன்பதாம் அதிகாரமாகவும், தெரிந்துதெளிதல் பொருட்பாலின்கண் ஐம்பத்தொன்றாம் அதிகாரமாகவும் வைக்கப்பட்டுள்ளன. பின்னது அரசன் வினைசெய்வாரைத் தேர்தல் பற்றியதாகலின் அதனை அன்றாட உறவுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் இரண்டின் வரிசைமுறையும் நோக்கத்தக்கது. முன்னதில் ஏற்றல் நிகழ்ந்த பின்னரே அறிதல். பின்னதில் அறிதல் நிகழ்ந்த பின்னரே தெளிதல். ஒரே புதியவரிடம் ஒருவர் முழு விருந்தோம்பலையும், சிறிதும் தெளியாமையையும் ஒருங்கே கொண்டிருத்தல் இம்மரபில் முரண்பாடாகாது.

வினாநிரலின் நான்கு விடைநிலைகளும் இவ்விரண்டையும் ஒரே கோட்டில் வைத்து அளக்க முற்படுகின்றன. குடிநீர் கேட்டு வந்தவருக்கு மோர் கொடுத்தவரும், அவரிடம் கடனுக்குப் பொருள் தர மறுத்தவரும் ஒருவரே ஆயின், அவரை ‘அவ்வளவாக நம்பாதவர்’ என்னும் கட்டத்துள் அடைப்பதால் அறியப்படுவது சிறிதே.

3. இடங்காணும் வினாக்கள்

சித்தூர் வட்டம் முன்பு கொச்சி அரசைச் சார்ந்து, பிரித்தானிய மலபாருக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்திற்கும் இடைப்பட்டுக் கிடந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவானபோது மொழிவழி எல்லை வகுக்கப்பட்டும், வட்டத்தின் கிழக்குப் பகுதியான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் நிலைத்து வாழ்ந்து வருகின்றனர். இப்பகுதித் தமிழ், கொங்குத் தமிழின் மேற்குத் தொடர்ச்சியாகும். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் காய்கறி, தேங்காய், கால்நடை, கூலிவேலை, திருமண உறவு ஆகியன எல்லையைக் கடந்து செல்கின்றன. ஆதலின் முன்பின் அறியாதவரைச் சந்தித்தல் இங்கு அருநிகழ்ச்சியாகாது.

கொங்கு வட்டாரத்து முதற்சந்திப்புப் பேச்சின் அமைப்பினைப் பின்வரும் மாதிரி உரையாடல் காட்டும்:

“எந்த ஊருங்க?”
“பொள்ளாச்சிப் பக்கமுங்க.”
“பொள்ளாச்சியில எங்கேங்க?”
“கோமங்கலமுங்க.”
“கோமங்கலமா? அங்க நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே...”

இங்கு ஒவ்வொரு வினாவும் முந்தையதனினும் சிறிய வட்டத்தை நாடுகின்றது. இருவரும் அறிந்த ஓர் ஊரோ ஓர் ஆளோ எதிர்ப்படும்வரை வினாக்கள் தொடர்கின்றன, எதிர்ப்பட்டவுடன் நிற்கின்றன. அதன்பின் ‘அண்ணா’, ‘மாமா’, ‘அக்கா’ போன்ற உறவுப்பெயர் விளியாக அமைகின்றது. ‘எந்த ஊர்’ என்பதோடு ‘நமக்கு எந்த ஊருங்க?’ என முன்னிலையாரைத் தம்மோடு உளப்படுத்திக் கேட்கும் வழக்கும் உண்டு. ‘உங்களுக்கு’ என்னும் முன்னிலைச் சொல் இருவரையும் பிரித்துக் காட்டும் என்பதனால் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை அவ்விடத்தை நிரப்புகின்றது.

இவ்வொழுங்கினை ‘இடங்காணல்’ எனக் குறிப்பிடலாம். இதன் பயன் யாது? ஜப்பானிய உளவியலறிஞர் தோஷியோ யாமகிஷி 1994இல் வெளியிட்ட கூட்டுக்கட்டுரையில் நம்பிக்கை வேறு, உறுதிப்பாடு வேறு எனப் பிரித்தார். பிறர் நல்லெண்ணத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு நம்பிக்கை. ஏமாற்றினால் அவருக்கே இழப்பு நேரும்படி உறவுகள் பின்னியிருத்தலால் வருவது உறுதிப்பாடு. கோமங்கலத்து உறவினர் பெயர் வெளிப்பட்டவுடன், வந்தவரின் நடத்தை பற்றிய செய்தி அவர் ஊருக்கே திரும்பிச் செல்லும் வழி ஒன்று திறந்துவிடுகின்றது. அவ்வழியே உறுதிப்பாட்டைத் தருகின்றது. எனவே இடங்காணலின் முடிவில் கொடுக்கப்படும் நம்பிக்கை, எதிரில் நிற்கும் தனிமனிதருக்கு உரியதாவதைக் காட்டிலும் அவர் நிற்கும் இடத்துக்கு உரியதாகின்றது.

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு மேலும் விளங்கும். அங்குக் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் கங்காணி வழியே ஆள்திரட்டப்பட்டவர்கள். அறியாத தோட்ட நிருவாகத்துக்கும் அறியாத தொழிலாளருக்கும் இடையே பிணையாக நின்றவர் கங்காணி. அப்பிணையே முன்பணக் கடனாகித் தொழிலாளரைக் கட்டியதும் உண்டு. தோட்டப் புறத்தில் எஸ்டேட்டும் லயமும் ஒருவரது இடத்தைக் காட்டுவன. கொழிஞ்சாம்பாறையில் ஊரும் உறவும் செய்யும் பணியை அங்கு வேலையிடம் செய்கின்றது. இடங்காணல் பொதுவாயினும் ‘இடம்’ எது என்பதனை வாழ்க்கைமுறையே வரையறுக்கின்றது.

4. மரியாதைக் கோட்பாடு: ஒரு மதிப்பீடு

பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் மரியாதைக் கோட்பாடு 1978இல் முதலில் வெளியாகி, 1987இல் தனிநூலாயிற்று. அக்கோட்பாட்டுக்கு அடிப்படையான மூன்று மொழித் தரவுகளுள் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றன் தமிழ் ஆகும்; அதாவது கொழிஞ்சாம்பாறைப் பேச்சுக்கு நெருங்கிய தமிழ். ஆதலின் அதனை இவ்வட்டாரத்தில் வைத்துச் சோதித்தல் முறையுடையதே.

அக்கோட்பாட்டின்படி ஒரு பேச்சுச்செயல் கேட்பவருக்கு விளைக்கும் இடர், இருவருக்கும் இடையிலான சமூகத் தொலைவு, அதிகார வேறுபாடு, கேட்கப்படும் பொருளின் சுமை ஆகிய மூன்றாலும் கணிக்கப்படும். தொலைவு மிகுந்தால் மறைமுகமான, விலகிய சொல்லாட்சி வேண்டப்படும். இக்கணக்கின்படி, அறியாதவரிடம் ஊரும் உறவும் கேட்டல் தொலைவு மிக்க இடத்து நிகழும் ஊடுருவலாகும். ஆனால் இவ்வட்டாரத்தில் கேளாமையே விலகலாகக் கொள்ளப்படும். பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் அருகிருந்தும் ஊர் கேளாதவர் ‘பேசாதவர்’ எனப்படுவர்.

உறவுப்பெயர் விளியையும் உளப்பாட்டுப் பன்மையையும் ஒருமைப்பாட்டு உத்திகளாக இவ்விருவரும் கருதியுள்ளனர் என்பதனை மறுக்க இயலாது. குறை, தொலைவினைப் பேச்சுக்கு முன்பே நிலைபெற்ற ஓர் அளவாகக் கொண்டமையில் உள்ளது. இடங்காணும் பேச்சில் தொலைவே பேசுபொருள். முதல் வினாவில் இருந்த தொலைவு நான்காம் விடையில் இல்லை. மேலும், மரியாதை நம்பிக்கையாகாது. ‘வாங்க, உக்காருங்க’ என்னும் ‘ங்க’ ஈறு அறியாத எவருக்கும் உரியது. அது விருந்தின் பாற்பட்டது. ‘மாமா’ என்னும் விளி இடங்கண்ட பின்னர் வருவது. அது தெளிவின் பாற்பட்டது. இரண்டையும் மரியாதை என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேச்சு கடக்கும் இடம் கண்ணுக்குப் புலனாகாது போகும்.

5. ஒத்த வடிவம், வேறு மதிப்பு

தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுடையன. அந்நெருக்கமே முதற்சந்திப்பில் இடர் விளைப்பதாகவும் அமையும்.

தமிழில் ‘நீங்கள்’ மரியாதை முன்னிலை. மலையாளத்து ‘நிங்ஙள்’ வரலாற்றில் அதனோடு ஒத்த வடிவமாயினும், கேரளத்தின் பல பகுதிகளில் மூத்தோரையும் அலுவலரையும் நோக்கிக் கூறத்தகாததாக உணரப்படுகின்றது. வட மலபாரில் அவ்வடிவம் மதிப்புடனேயே வழங்குவதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. தென்பகுதியிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலரிடம் தமிழர் ஒருவர் ‘நீங்கள்’ என்பதன் நேர்வடிவமாக எண்ணி ‘நிங்ஙள்’ என்று கூறின், கூறியவர் மரியாதை செலுத்தியதாகக் கருத, கேட்டவர் அவமதிப்பாகக் கொள்வர். இருவருள் எவரும் இதனை இலக்கண வேறுபாடாக உணர்வதில்லை. அது நடத்தைக் குறையாகவும் இனத்தின் இயல்பாகவும் எண்ணப்படுவதே இதில் தீங்காகும்.

இதற்கு இலக்கணக் காரணம் உண்டு. தமிழ் வினைமுற்று ‘வருகிறீர்கள்’ என மரியாதையைத் தன் விகுதியிலேயே தாங்குகின்றது. இக்கால மலையாள வினை ‘வருந்நு’ என எல்லா இடத்துக்கும் பாலுக்கும் ஒன்றாகவே நிற்கும். வினை சுமக்காத மரியாதையை விளிச்சொல் சுமக்க வேண்டியதாகின்றது. ஆகவே மலையாளத்தில் பதவிப்பெயரும் உறவுப்பெயரும் முன்னிலைப் பெயரின் இடத்தைப் பற்றின. ‘சார் எவிடெ போகுந்நு?’ என்பது எதிரில் உள்ளவரை நோக்கிய வினாவாதல் கூடும். ‘சார் எங்கே போகிறார்?’ எனப் பெயர்த்தால் அங்கில்லாத ஒருவரைப் பற்றியதாகிவிடும். ‘எங்கே போகிறீர்கள், சார்?’ என்பதே நிகரனாகும். அவ்வாறே ‘அவர்’ தமிழில் மரியாதை ஒருமை. மலையாளத்தில் அது பெரும்பாலும் பலர்பால், மரியாதை ஒருமைக்கு ‘அத்தேஹம்’ வழங்கும்.

இடங்காணும் வினாச் சொற்களிலும் இம்மயக்கம் உண்டு. மலையாளத்தில் ‘நாடு எவிடெயா?’ என்பது சொந்த ஊரை வினவுதல். தமிழில் ‘நாடு’ தேசமாக விரிந்துவிட்டது. தமிழின் ‘ஊர்’ எல்லார்க்கும் உரியது. இன்றைய மலையாள வழக்கில் ‘ஊரு’ பழங்குடிக் குடியிருப்பைச் சிறப்பாகச் சுட்டும். ‘அண்ணாச்சி’ திருநெல்வேலி வழக்கில் மதிப்புறு விளி. கேரளத்தில் தமிழரைச் சற்றே இழித்துச் சுட்டும் பெயராகவும் அது வழங்கியுள்ளது. நெருக்கம் காட்டும் விளி, படர்க்கைப் பெயராக மாறியதும் விலக்கும் சொல்லாயிற்று.

எல்லாவற்றினும் முதன்மையானது நம்பிக்கையைச் சுட்டும் சொல்லே. மலையாளத்தில் ‘விச்வாசம்’ பிறரை நம்புதலைக் குறிக்கும் இயல்பான சொல். தமிழில் ‘விசுவாசம்’ சமயப்பற்றையும், எசமானிடம் பணியாள் காட்டும் பற்றுறுதியையும் குறிக்கும். ‘எனக்கு உங்களிடம் விசுவாசம் உண்டு’ எனப் பெயர்ப்பின் இணையானவர் இருவருக்கு இடையிலான நம்பிக்கை, கீழ்ப்பட்டவரின் பணிவாக மாறிவிடும்.

6. இடங்காணலின் விலை

இதுகாறும் கூறியன இடங்காணலை இனிய வழக்கமாகக் காட்டலாம். அது முழு உண்மையாகாது. மேற்காட்டிய உரையாடலில் ‘கோமங்கலத்துல எந்தப் பக்கமுங்க?’ என்னும் அடுத்த வினா எழக்கூடும். தெருவும் திசையும் சாதியை வெளிப்படுத்தும் குடியிருப்பு அமைப்பில், இவ்வினா மரியாதை ஈற்றோடு கேட்கப்பட்டாலும் சாதி வினாவே ஆகும். லெவின்சன் 1982இல் மேற்குத் தமிழ்நாட்டுப் பேச்சு குறித்து எழுதிய கட்டுரை, சாதிப் படிநிலை முன்னிலைப் பெயர்களின் ஆட்சியில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதனை விரிவாக ஆராய்ந்துள்ளது. அவருடைய இவ்வாய்வு, பொதுக்கோட்பாட்டு நூலினும் இவ்வட்டாரத்தை நன்கு விளக்குகின்றது எனலாம்.

சித்தூர் வட்டத்து முதலமடை ஊராட்சியில் உள்ள கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பின் அருந்ததியர், கேரளப் பட்டியலில் சக்கிலியர் எனப்படுவோர், தமக்கு எதிரான தீண்டாமை குறித்து எழுப்பிய புகார் 2017இல் மாநில அளவில் பேசப்பட்டது. இத்தகைய சூழலில் ‘எந்தப் பக்கம்’ என்னும் வினாவுக்கு விடை கூறுபவர் நம்பிக்கை பெறுகின்றார் என்பதனைவிட, கிடைத்திருந்த விருந்தையும் இழக்கக்கூடும் என்பதே பொருந்தும். இடங்கண்டபின் ‘மாமா’ என்னும் விளி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இந்நோக்கில் மலையாளத்தின் ‘சார்’ என்னும் விளிக்குப் புதிய பொருள் உண்டாகின்றது. அது உறவு காட்டாத, ஊர் கேளாத சொல். உறவுப்பெயரின் வெம்மை அதற்கு இல்லையாயினும், இடம் வெளிப்படுத்தாமலே பேசுவதற்கு அது வழிதருகின்றது. அலுவலகம், பள்ளி, மருத்துவமனை போன்ற பொது இடங்களில் நம்பிக்கை இடங்காணலின்றியே கிடைக்கவேண்டும் என்பது குடியாட்சியின் எதிர்பார்ப்பு. கேரள ஆட்சிமொழிகள் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுத வகைசெய்தது. ஒருவர் தம் மொழியில் எழுதியதனால் அவர் யார் எனத் துருவப்படாமல் விடை பெறுதல், இடங்காணாத நம்பிக்கையின் சட்டவடிவம் எனலாம்.

7. மொழிபெயர்ப்புக்கு உரிய குறிப்புகள்

மேற்கண்ட ஆய்வினின்றும் மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வினாநிரலைத் தமிழாக்குங்கால் ‘நம்புவீர்களா?’ என்னும் பொதுவினாவை விடுத்துச் செயல்வழி வினாக்களை அமைத்தல் நன்று. புதியவருக்குத் திண்ணையில் இடந்தருதல், அவரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுதல், கடனுக்குப் பொருள் தருதல், குழந்தையை ஒப்படைத்தல் ஆகியன வெவ்வேறு படிகள். முன்னவை விருந்துக்கு அண்மையன. பின்னவை தெளிவை வேண்டுவன. ஊர் கேட்குமுன், கேட்டபின் என இருநிலைகளில் விடை பெறுதலும் வேண்டும்.

இரண்டாவது, புனைகதை மொழிபெயர்ப்பில் ‘அண்ணா’ என்னும் விளி எவ்விடத்தில் முதன்முறை வருகின்றது என்பதனை நோக்குதல் வேண்டும். அதற்கு முன்னர் வந்த விளி யாது என்பதும், மாற்றம் எவ்விடையைத் தொடர்ந்து நிகழ்ந்தது என்பதும் கதையின் பகுதியாகும். தொடக்கமுதல் ஒரே சொல்லால் பெயர்த்தால் அம்மாற்றம் அழிந்துபோகும்.

மூன்றாவது, அலுவலகக் கடிதங்களிலும் அறிவிப்புகளிலும் ஒத்த வடிவம் கண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுதல் தவிர்க்கப்படவேண்டும். தமிழிலிருந்து மலையாளத்துக்குச் செல்வோர் முன்னிலைப் பெயரை நீக்கியும், மலையாளத்திலிருந்து தமிழுக்கு வருவோர் வினையீற்றில் மரியாதையைச் சேர்த்தும் பெயர்த்தல் தகும்.

முடிவுரை

முதற்சந்திப்பில் பண்பாடு நம்பிக்கையைக் கூட்டுவதோ குறைப்பதோ அதன் முதற்பணியாகாது. நம்பிக்கை எந்த வினாவுக்குப்பின் கொடுக்கப்படும் என்பதனை அது வரையறுக்கின்றது. கொழிஞ்சாம்பாறைப் பேச்சு, விருந்தினை முன்னும் தெளிவினைப் பின்னும் வைத்து, இடையே ஊர் கேட்கும் வினாக்களை நிறுத்தியுள்ளது. வினாநிரல் இவ்விடைவெளியைக் காணவில்லை. மரியாதைக் கோட்பாடு அதனை ஒரே சொல்லால் மூடிவிட்டது. இவ்விடைவெளியிலேயே ஒருவர் உறவினராவதும், மற்றொருவர் தம் தெருவின் பெயரைச் சொல்லத் தயங்கி நிற்பதும் நிகழ்கின்றன. அத்தயக்கமும் தரவே ஆகும். அதனைப் பதிவு செய்யாத ஆய்வு, கேட்டவரின் நம்பிக்கையை மட்டுமே அளந்ததாகும்.